'ங்க' யாருக்கு, 'லே' யாருக்கு

தென் மாவட்டத்துலேர்ந்து சென்னைக்கு வந்தவங்க எல்லாருமே இதைக் கேட்டிருப்பீங்க, "உங்க ஸ்லாங் செமயா இருக்கு, இன்னொரு வாட்டி பேசுங்களேன்". பாசமாத்தான் கேக்கறாங்க, குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா அதுக்கு அடியில ஒரு நெனப்பு இருக்கு பாருங்க, நாம பேசறது ஸ்லாங், அவங்க பேசறது சாதாரணத் தமிழ்னு, அந்த நெனப்பைப் பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன். நான் பொறந்து வளந்தது அம்பாசமுத்திரம் பக்கம், அம்மாவுக்கு நாகர்கோவில், வாக்கப்பட்டது ஈரோட்டுப் பக்கம், இப்போ குடியிருக்கறது சென்னையில. அதனால ஒரே நாள்ல நாலு விதமா பேசறது எனக்குப் பழக்கம், யோசிச்செல்லாம் பண்றதில்ல, போன்ல யார் பேருன்னு பாத்ததுமே வாய் தானா மாறிக்கும், அம்மான்னா ஒண்ணு, அத்தைன்னா ஒண்ணு, மேனேஜர்னா வேற ஒண்ணு.

மொதல்ல இந்த 'சாதாரணத் தமிழ்' எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாப்போம். எழுத்துத் தமிழ் யாருக்கும் தாய்மொழி கெடையாது, எந்த வீட்லயும் பிள்ளைகிட்ட 'உணவு உண்டாயா'ன்னு கேட்டு வளக்கல. எழுதறது ஒண்ணு பேசறது ஒண்ணுன்னு இருக்கற இந்த ரெட்டை நெலமையைப் பத்தி சார்லஸ் ஃபெர்குசன்னு ஒரு மொழியியலாளர் 1959ல கட்டுரை எழுதினாரு, அவரு அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹெய்ட்டி கிரியோல் நாலையும் வச்சுப் பேசினாரு, நம்ம தமிழும் அந்த வகைதான். ஆனா நம்மகிட்ட ரெண்டோட முடியல. வருகிறேன்னு எழுதறதை எங்க ஊர்ல வாரேன்னு சொல்லுவோம், ஈரோட்ல வர்றனுங்க, சென்னையில வரேன், யாழ்ப்பாணத்துல வாறன். இதுல எது சரின்னு கேட்டா எல்லாமே சரி, இதுல எதுவும் 'வருகிறேன்' கெட்டுப்போய் வந்தது இல்ல, ஒவ்வொண்ணும் அதது ஊர்ல ஒழுங்கா ஒரு இலக்கணத்தோட நடக்குது. எங்க ஊர்ல 'சொல்லுதேன், செய்யுதான், கேக்குதா'ன்னு சொன்னா நிகழ்காலம், அதுல ஒரு சின்னப்பிள்ளைகூட தப்பு விடாது.

'சாதாரணத் தமிழ்'னு சொல்ற அந்தப் பொதுப் பேச்சு வந்த கதை வேற. வேற வேற ஊர்க்காரங்க, வேற வேற சாதிக்காரங்க ஒரே இடத்துல இருக்க வேண்டி வந்தப்போ, காலேஜ் ஹாஸ்டல், ஆபீஸ், ரயில், அப்புறம் சினிமா, டிவி, இங்கெல்லாம் ஊரும் சாதியும் துருத்திக்கிட்டுத் தெரியாத மாதிரி ஒரு பேச்சு உருவாச்சு. படிச்ச, பிராமணரல்லாதவங்க பேச்சை ஒட்டி வளந்ததுன்னு மொழியியல்காரங்க சொல்றாங்க. ஹெரால்ட் ஷிஃப்மன்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் 1999ல இந்தப் பேச்சுத் தமிழுக்குன்னே ஒரு இலக்கணப் புத்தகம் போட்டாரு. ஆக, சாதாரணத் தமிழ்னு நாம நெனைக்கறதும் ஒரு கூட்டத்தோட பேச்சுதான், அதுக்கு மைக்கும் கேமராவும் கெடச்சுது, மத்ததுக்குக் கெடைக்கல.

இது இன்னிக்கு நேத்து கதையும் இல்ல. தொல்காப்பியத்துலயே சொல்லை நாலாப் பிரிக்கும்போது திசைச்சொல்னு ஒரு வகை இருக்கு, செந்தமிழ் நாட்டை ஒட்டின பன்னிரண்டு நெலத்துலயும் அவங்கவங்க வழக்குல இருக்கற சொல்லுன்னு அதுக்கு ஒரு சூத்திரமே இருக்கு. அதுல எந்தக் கண்டனமும் இல்ல, இப்படி இருக்குன்னு பதிஞ்சு வச்சிருக்காங்க, அவ்ளோதான். அதுக்கு உரை எழுதினவங்க, இன்னிக்குக் கேரளாவுல இருக்கற குட்டநாட்டுல தாயைத் தள்ளைன்னு சொல்லுவாங்கன்னு உதாரணம் குடுக்கறாங்க. எங்கம்மா ஊர்ப் பக்கம் இன்னிக்கும் தள்ளைன்னா அம்மா, சண்டையிலயும் வரும் பாசத்துலயும் வரும். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவாங்கூர் கொச்சியில இருந்துச்சு, அதனால அந்த ஊர்ப் பேச்சைக் கேட்டதும் எல்லாரும் 'மலையாளம் கலந்த தமிழ்'னு முத்திரை குத்திடறாங்க. மிளகுக்கு நல்லமொளகு, பலாவுக்குச் சக்கை, இதெல்லாம் கேட்டா அப்படித்தான் தோணும். ஆனா மலையாளமும் தமிழும் அந்தப் பக்கத்துல எத்தனையோ நூற்றாண்டா ஒரே திண்ணையில உக்காந்து வளந்த பேச்சு, அதுல எது யார்கிட்டேர்ந்து வந்ததுன்னு கோடு கிழிக்கறது அவ்ளோ சுலபம் இல்ல. அம்மா கல்யாணமாகி வந்த புதுசுல திருநெல்வேலியில எல்லாரும் 'மலையாளத்துக்காரி'ன்னு கூப்புடுவாங்களாம், அறுவது மைல் தள்ளியிருந்து வந்த ஒரு தமிழ்ப் பொண்ணை. அம்மா இப்பவும் அதைச் சொல்லும்போது மொகம் மாறும்.

யாழ்ப்பாணத்துப் பேச்சைப் பத்திச் சொல்லாமப் போக முடியல. நமக்கு இது, அது ரெண்டுதான். அவங்களுக்கு நடுவுல 'உது' இருக்கு, 'உவன்', 'உவள்', 'உங்கை'யும் இருக்கு, கேக்கறவங்க பக்கத்துல இருக்கறதையோ ரொம்பத் தூரமும் ரொம்பப் பக்கமும் இல்லாததையோ சொல்ல. சங்கப் பாட்டுல நாம பள்ளிக்கூடத்துல அருஞ்சொற்பொருள் பாத்துப் படிச்ச சொல்லு, அங்க ஒரு அக்கா தேத்தண்ணி ஊத்திக்கிட்டே சாதாரணமா சொல்லுவாங்க. நம்ம ஊர்ல சினிமால ஈழத்துப் பேச்சுன்னா எல்லாத்துக்கும் ஒரே இழுவை இழுத்து வைக்கறாங்க, அது ரொம்ப வருத்தமா இருக்கும் எனக்கு. யாழ்ப்பாணத்துல 'பேந்து'ன்னா பிறகு, மட்டக்களப்புல அதுக்கே 'மறுகா'. மலையகத்துல இருக்கறவங்க பத்தொன்பதாம் நூற்றாண்டுல தோட்ட வேலைக்கு நம்ம ஊர்லேர்ந்து போனவங்களோட வாரிசுங்க, அவங்க பேச்சு நம்ம பேச்சுக்குத்தான் கிட்ட வரும். இதை ஒண்ணாக் கலக்கறது அவங்க எல்லாரையும் ஒரே ஆளா ஆக்கறதுதானே.

சரி, நான் உண்மையிலயே சொல்ல வந்தது இனிமேதான்.

கொங்குத் தமிழை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கல்யாணமாகிப் போன புதுசுல ஒறம்பரை (விருந்தாளி), நோம்பி (பண்டிகை), பொடக்காளி (வீட்டுக்குப் பின்பக்கம்), சித்தெ இருங்க (கொஞ்சம் இருங்க), என்ற ஊடு (என் வீடு), பொழுதோட வர்றனுங்க (சாயங்காலம் வரேன்)ன்னு ஒவ்வொண்ணா காதுல விழ விழ நான் அதை ஒரு நோட்டுல எழுதி வச்சேன். எங்க அத்தை சின்னக் கொழந்தையைக்கூட 'வாங்க கண்ணு, சாப்புடுங்க'ன்னுதான் கூப்புடுவாங்க. திருநெல்வேலியில 'ஏலே வாலே'ன்னு வளந்த எனக்கு அது சொர்க்கம் மாதிரி இருந்துச்சு. கோயம்புத்தூர் ஈரோடுன்னா மரியாதைத் தமிழ்னு எல்லாரும் சொல்றதும் இதை வச்சுத்தான்.

ஆனா அந்த 'ங்க' எல்லாருக்கும் கெடைக்கறது இல்ல. தோட்டத்துல வேலை செய்ய வர்ற பெரியவர், வயசு எழுவதுக்கு மேல இருக்கும், அவரைப் பத்து வயசுப் பையன் பேர் சொல்லிக் கூப்புட்டு 'வா, போ'ன்னு பேசுவான், அவரு அந்தப் பையனைப் பாத்து 'சொல்லுங்க சாமி'ன்னு நிப்பாரு. பழைய ஆளுங்க தோட்டத்துக்காரரைப் 'பண்ணாடி'ன்னு கூப்புடுவாங்க, இவங்களுக்குத் திருப்பிக் கெடைக்கறது பேரு மட்டும்தான். ஐந்து வயசுக் கொழந்தைக்குக் கெடைக்கற 'ங்க' எழுவது வயசுத் தலித் பெரியவருக்கு இல்லன்னா அந்த மரியாதைத் தமிழ் யாரோட மரியாதைன்னு கேக்கணும். டீக்கடையில தனி டம்ளர் வச்சா கண்ணுக்குத் தெரியும், ஃபோட்டோ எடுக்கலாம், கேஸ் போடலாம். பேச்சுல இருக்கற தனி டம்ளரை யாரு ஃபோட்டோ எடுக்கறது? மாறிக்கிட்டுத்தான் வருது. திருப்பூர்ல கம்பெனிக்குப் போய்ட்டு வர்ற பசங்க, காலேஜ் முடிச்ச பொண்ணுங்க அந்தத் தெருவுலேர்ந்து வர்றவங்க இப்போ 'சாமி' சொல்றதில்ல, 'அண்ணா'ன்னு சொல்றாங்க, அதுக்கே சில பெரிய மனுசங்களுக்கு மொகம் சுண்டிப் போகுது.

எங்க ஊர் மட்டும் ஒழுங்கான்னு நெனைச்சுக்காதீங்க. 'ஏலே'ங்கறது கூட்டாளிக்குள்ள இருக்கும்போது அதைவிட நெருக்கமான சொல்லே கெடையாது, 'ஏலே மக்கா எப்ப வந்த'ன்னு ஒருத்தன் தோள்ல கை போடும்போது அதுக்கு ஈடே இல்ல. அதே 'லே' மேலத் தெருக்காரன் வாயிலேர்ந்து கீழத் தெருக்காரரைப் பாத்து வந்தா அடி மாதிரி விழும், திருப்பிச் சொல்ல முடியாத 'லே' அது. ஒரு பேச்சு நல்ல பேச்சா கெட்ட பேச்சான்னு தனியா வச்சுப் பாத்துத் தெரிஞ்சுக்க முடியாது, யாரு யாரைப் பாத்துச் சொல்றாங்க, பதிலுக்கு அதே சொல்லு வரலாமா கூடாதா, இதைப் பாத்தாத்தான் தெரியும்.

சாதி பேச்சுல தெரியும்ங்கறது மொழியியல்ல பழைய விஷயம். வில்லியம் பிரைட், ஏ. கே. ராமானுஜன் ரெண்டு பேரும் 1964லயே பிராமணப் பேச்சையும் மத்தவங்க பேச்சையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுதியிருக்காங்க. ஆத்துக்கு, ஜலம், நேக்கு, வந்தேளா, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது, சினிமாவே சொல்லிக் குடுத்துடுச்சு. ஆனா அவங்க பேச்சை மட்டும் 'சாதிப் பேச்சு'ன்னு நெனைச்சுக்கிட்டு நம்ம பேச்சுல சாதியே இல்லாத மாதிரி நடந்துக்கறோம். ஒரே கிராமத்துல ரெண்டு தெருவுக்கு நடுவுல உறவுமுறைப் பேரு மாறும், அப்பாவோட அப்பாவைக் கூப்புடற சொல்லு மாறும், சாப்பாட்டுப் பேரு மாறும். அதை வச்சுத்தான் சென்னையில வீடு பாக்கப் போனா ஓனர் ரெண்டு வார்த்தை பேசவிட்டுக் கேட்டுட்டு, 'ஊர்ல எந்தப் பக்கம்'னு அடுத்த கேள்வி போடறாரு.

என் தோழி ஒருத்தி இருக்கா, அவ எங்க போனாலும் டிவி தொகுப்பாளர் மாதிரி ஊர் தெரியாத தமிழ்லதான் பேசுவா. அவ ஊர்ல அவ அம்மா பேசற பேச்சு அவ்ளோ அழகா இருக்கும், ஏன் இப்படிப் பேசறன்னு கேட்டதுக்கு, 'உனக்கு உன் பேச்சு பெருமை, எனக்கு என் பேச்சைக் கேட்டா எதிராளி என் தெருவைக் கண்டுபிடிச்சுடுவான்'னு சொன்னா. அதுக்கப்புறம் வட்டார வழக்கைக் காப்பாத்தணும்னு பொத்தாம் பொதுவாப் பேசறவங்களைக் கேக்கும்போதெல்லாம் எனக்கு அவ ஞாபகம்தான் வருது. பொதுத் தமிழ் ஊர்ப் பேச்சை அழிக்குதுன்னு நானும் வருத்தப்படறேன், ஆனா அந்தப் பொதுத் தமிழ் ஒருத்திக்கு நிம்மதியா நடமாட எடம் குடுக்குதுன்னா அதை எப்படி வேண்டாம்னு சொல்ல முடியும். 1929ல செங்கல்பட்டுல நடந்த சுயமரியாதை மாநாட்டுல பேருக்குப் பின்னாடி சாதிப் பட்டம் போடறதில்லன்னு முடிவு பண்ணாங்க, இன்னிக்குத் தமிழ்நாட்டுல பெரும்பாலும் யாரும் போடறதில்ல, பக்கத்து மாநிலத்துக்காரங்க ஆச்சரியப்படற விஷயம் அது. பேர்ல எடுத்தது பேச்சுலேர்ந்து இன்னும் முழுசா போகல.

வீட்டுக்குள்ளயும் இதே கணக்குதான். அப்பாவை 'நீங்க', அம்மாவை 'நீ'. உங்க வீட்லயும் அப்படித்தானே? அம்மாகிட்ட நெருக்கம் ஜாஸ்தி அதான்னு சொல்லுவாங்க, சரி, நெருக்கம்தான், ஆனா அந்த நெருக்கம் எப்பவும் ஏன் பொம்பளை பக்கமே வருது? அண்ணன் வந்தாரு, மாமா வந்தாரு, அக்கா வந்துச்சு, அத்தை சொல்லுச்சு. உயர்திணையிலேர்ந்து எறக்கி 'உச்சு' போடறது பாசத்துலதான், நானே அப்படித்தான் பேசறேன், எங்கக்காவை 'வந்தாங்க'ன்னு சொன்னா எனக்கே யாரோ மாதிரி இருக்கும். அதே மாதிரி புருசனைப் பத்திப் பொண்டாட்டி 'அவிய'ன்னோ 'அவுக'ன்னோ 'அவரு'ன்னோ சொல்லுவா, புருசன் 'அவ'ன்னு முடிச்சுக்குவான். இப்போ சின்னப் பொண்ணுங்க கூட்டாளிப் பொண்ணுங்களையே 'டா' போட்டுக் கூப்புடுதுங்க, கல்யாணமானவங்க ஒருத்தரை ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்புடறாங்க, பெரியவங்க பல்லைக் கடிக்கறாங்க. எனக்கு இது சந்தோஷமாத்தான் இருக்கு.

எடத்துக்கு எடம் மாறறதைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். மேடைத் தமிழ்னு ஒண்ணு இருக்கே, அடுக்குமொழியில, எதுகை மோனையோட, அண்ணா காலத்துல அது உச்சத்துக்குப் போச்சு, சாதாரண ஜனங்க அந்தத் தமிழைக் கேக்கவே ராத்திரி முழுக்க உக்காந்திருந்தாங்க. அதே இயக்கத்துல பெரியார் மேடையில ஏறி ஈரோட்டுப் பேச்சுலயே பேசினாரு, 'வெங்காயம்'னு திட்டிக்கிட்டு. காமராஜர் 'ஆகட்டும் பார்க்கலாம்'னு ரெண்டு சொல்லுல முடிச்சுடுவாரு. மூணு பேருக்கும் கூட்டம் கூடுச்சு. செந்தமிழ் பேசினாத்தான் மதிப்புன்னு சொல்றவங்களும் சரி, பேச்சுத் தமிழ்தான் உண்மையானதுன்னு சொல்றவங்களும் சரி, இந்த மூணு பேரையும் சேத்து வச்சுப் பாக்கணும். எழுத்துத் தமிழை அழகா மேடையில பேசத் தெரிஞ்சதுல ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கம்பீரம் கெடச்சுது, அது எனக்குப் பெரிய விஷயமாத்தான் படுது.

சென்னைக்கு வந்து அதிகம் வருத்தப்பட்டது வடசென்னைப் பேச்சை எல்லாரும் நடத்தற விதத்தைப் பாத்துத்தான். இன்னா, குந்து, இட்டுகினு வா, நாஷ்டா துன்னியா, பேஜார். துறைமுகம் இருந்த ஊரு, தெலுங்கு, உருது, இங்கிலீஷ் எல்லாம் ஒண்ணா வேலை செஞ்ச ஊரு, நைனா தெலுங்குலேர்ந்தும் நாஷ்டா உருதுலேர்ந்தும் வந்துச்சு, கஸ்மாலம்கூட அழுக்குன்னு அர்த்தம் வர்ற சமஸ்கிருதச் சொல்லு. இதையே மேல்தட்டுல ரெண்டு மொழி கலந்து பேசினா 'பன்மொழிப் புலமை', ரிக்‌ஷாக்காரர் பேசினா 'கொச்சை'. சினிமாவும் பல வருஷமா இந்தப் பேச்சை ரவுடிக்கும் காமெடியனுக்கும்தான் குடுத்துச்சு. எங்க தெருவுல மீன் விக்க வர்ற அக்கா வாடிக்கையாளரைப் பாத்து டக்குனு பேச்சை மாத்துவாங்க, எங்ககிட்ட 'என்னம்மா வேணும், வஞ்சிரம் இருக்கு'ம்பாங்க, திரும்பி அவங்க பையன்கிட்ட 'இன்னாடா பாத்துனுக்கீற, கூடையத் தூக்கு'ம்பாங்க. ரெண்டு பேச்சு தெரிஞ்சது அவங்கதான், எங்க அபார்ட்மென்ட்காரங்களுக்கு ஒண்ணுதான் தெரியும், ஆனா திறமைன்னு பேரு யாருக்கு வருதுன்னு பாருங்க.

முஸ்லிம் வீடுகள்ல கொழம்புக்கு ஆணம்னு சொல்றதைக் கேட்டிருக்கீங்களா? அழகான பழைய தமிழ்ச் சொல்லு. காயல்பட்டினத்துப் பக்கம் அண்ணன்னா காக்கா, காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறறதுன்னு சொல்லுவாங்க, மலேசியாவுலயும் 'பசியாறிட்டீங்களா'ன்னு கேக்கறாங்க. இதைப் பத்தித் தனியா ஒரு பதிவு எழுதணும், இங்க தொட்டுட்டு மட்டும் போறேன்.

பள்ளிக்கூடம்தான் எனக்குப் பெரிய கவலை. பிள்ளை 'வாரேன் டீச்சர்'னு சொன்னா 'வருகிறேன்னு சொல்லு'ன்னு திருத்தறாங்க, பரீட்சைத் தாள்ல திருத்துங்க, நான் வேண்டாம்னு சொல்லல, எழுத்துத் தமிழ் எல்லாரையும் சேத்து வைக்கற ஒரு நூலு, அது வேணும். வாயிலேர்ந்து வர்றதை ஏன் திருத்தணும்? அந்தப் பேச்சு அவங்கம்மா பேசறது, அதைத் தப்புன்னு சொன்னா அவங்கம்மா தப்புன்னுதான் பிள்ளை எடுத்துக்கும். தனியா ஒரு ஆள் உக்காந்து இந்தச் சொல்லையெல்லாம் சேத்த கதையும் நம்மகிட்டயே இருக்கு, கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்குன்னு ஒரு சொல்லகராதி 1982ல கொண்டுவந்தாரு, அப்புறம் பெருமாள்முருகன் 2000ல கொங்குக்கு ஒண்ணு செஞ்சாரு. ரெண்டு பேருமே கதாசிரியருங்கதான். வெள்ளைக்காரங்க ஆட்சியில கிரியர்சன்னு ஒரு அதிகாரி தலைமையில இந்தியாவுல மொழிக் கணக்கெடுப்பு நடந்தப்போ சென்னை மாகாணத்தை அதுல சேத்துக்கவே இல்ல, நூறு வருஷத்துக்கு முன்னாடி நம்ம ஊர்க்காரங்க எப்படிப் பேசினாங்கன்னு கேட்டா ஊர் ஊராப் பாத்த பெரிய பதிவு நமக்கு இல்லாததுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனா இப்போ ஒண்ணு நடக்குது, அதுதான் என்னை இதை எழுதவே வச்சுது. எங்க குடும்ப வாட்ஸப் குரூப்புல நாகர்கோவில், அம்பாசமுத்திரம், ஈரோடு மூணு பக்கத்து ஆளுங்களும் இருக்காங்க. முன்னாடியெல்லாம் இன்லேண்ட் லெட்டர்ல 'நலம், நலமறிய ஆவல்'னு எல்லாரும் ஒரே மாதிரி எழுதினவங்க, இப்போ அவங்கவங்க பேசற மாதிரியே டைப் பண்றாங்க. மாமா 'அவிய நாளைக்கி வாராவளாம்'னு போடறாரு, நாத்தனார் 'அண்ணிங், நோம்பிக்கு எப்பங் வர்றீங்'னு போடறாங்க, மதுரையில படிக்கற பையன் 'வந்துட்டாய்ங்க'ன்னு போடறான். இதுக்கெல்லாம் எழுத்து முறைன்னு ஒண்ணு இது வரைக்கும் இல்ல, காதுல கேக்கறதை அவங்களா எழுத்துக் கூட்டறாங்க. வாய்ஸ் டைப்பிங் மட்டும் படுத்துது, அத்தை பேசற கொங்குப் பேச்சு அதுக்குப் புரியாம வேற என்னத்தையோ அடிச்சுக் காட்டும், அத்தையும் அதுக்காகச் செய்தி வாசிக்கற மாதிரி பேசிப் பாத்துட்டு, 'இது நம்மளுக்கு ஆகறதில்ல கண்ணு'ன்னு இப்போ ஒவ்வொரு எழுத்தாத் தொட்டுத் தொட்டு டைப் பண்றாங்க. கீபோர்ட் அதையும் திருத்தப் பாக்குது, அந்த ஆட்டோகரெக்டைப் போன வாரம் நான் ஆஃப் பண்ணிக் குடுத்துட்டேன். உங்க வீட்ல பெரியவங்க போன்லயும் அதை ஆஃப் பண்ணிக் குடுங்க, செட்டிங்ஸ்ல கீபோர்டுக்குள்ள போனா இருக்கும்.